திணை மாற இசை மாறும்

நுழையும்முன்

அரங்கில் அமர்ந்து கேட்கும் இசையைக் கலை என்று உலகம் ஏற்கிறது. கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் விளையாட்டின் பின்னே ஒலிக்கும் இசையை அவ்வாறு ஏற்கத் தயங்குகிறது. பாத்திரமேற்று ஆடும் காணொலி விளையாட்டுகளின் பின்னணி இசையைத் தமிழரின் திணைமரபோடும் கூத்துமரபோடும் ஒப்பிட்டு, அதனைச் செவிசாய்த்து நுகரும் திறன் இளையோர்க்குத் தேவை என்று எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

எல்லையோர நகரின் செவிகள்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் அமைந்திருக்கிறது ஓசூர். இருசக்கர வண்டி, சரக்குந்து, கைக்கடிகாரம் எனப் பலவற்றை உருவாக்கும் ஆலைகள் அங்குள்ளன. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. ஆலைச் சங்கொலியும் நெடுஞ்சாலையின் இரைச்சலும் ஓயாத அந்நகரிலும், அதனை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிற்றூர்களிலும் வாழும் மாணவர்கள், ஐம்பது அறுபது கருவியர் ஒருங்கமர்ந்து இசைக்கும் சேர்ந்திசையை நேரில் கேட்கும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. ஆனால், அவர்களுள் பலர் அத்தகைய இசையை முன்பே கேட்டிருக்கின்றனர். அவர்கள் அதைக் கேட்ட இடம் இசையரங்கன்று, காணொலி விளையாட்டு.

இவ்வுண்மையைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிவதில்லை. மாணவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டைப் பற்றி மணிக்கணக்கில் உரையாடும் இளைஞர், அதன் இசையை அமைத்தவர் யார் என்று கேட்டால் விடையறியாது நிற்பர். காதில் விழுந்தும் கருத்தில் படாத கலையாக அது இருந்துவருகிறது. கேட்பதற்கும் கேட்டு உணர்வதற்கும் உள்ள தொலைவைக் கடக்கச் செய்வது கல்வியின் பணி.

நான்கு ஒலித்தடங்களில் ஓர் உலகம்

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது, ஆடுபவர் கதைமாந்தர் ஒருவராக மாறி, கற்பனை நாடொன்றில் ஊர் ஊராகப் பயணம் செய்து, இடர்களை எதிர்கொண்டு, கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. இவ்வகையில் முன்னோடியாக விளங்குவது, 1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்'. அதற்கு இசையமைத்தவர் கோயிச்சி சுகியாமா. தொலைக்காட்சிக்கு இசையமைத்துப் பெயர்பெற்றிருந்த அவர், ஐம்பது வயதைக் கடந்த பின்னரே இத்துறைக்கு வந்தார்.

அக்காலத்து விளையாட்டுக் கருவியின் ஒலித்திறன் மிகச் சிறிது. மெட்டிசைக்க மூன்று ஒலித்தடங்கள், தாளத்திற்கு இரைச்சலொலி எழுப்பும் ஒரு தடம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் இசையை அமைக்கவேண்டியிருந்தது. அக்கட்டுக்குள் நின்று சுகியாமா எட்டு உருப்படிகளை அமைத்தார். தொடக்கம், அரண்மனை, ஊர், திறந்தவெளி, குகை, போர், இறுதிப்போர், நிறைவு என ஒவ்வொன்றுக்கும் ஓர் இசை. அவற்றுள் குகைக்குரிய இசை குறிப்பிடத்தக்கது. ஆடுபவர் குகையின் ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்க இறங்க, அதே மெட்டு சுருதியில் தாழ்ந்தும் வேகத்தில் தளர்ந்தும் ஒலிக்கிறது. சொல் ஒன்றும் இல்லை. படமும் எளிய கட்டங்களால் ஆனது. எனினும், ஆழத்தின் அச்சத்தைச் செவி உணர்ந்துவிடுகிறது.

மறு ஆண்டே, 1987இல், இவ்விளையாட்டின் இசை டோக்கியோவில் மேடைக் கச்சேரியாக நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிவகுப்பு சுகியாமாவின் அதே தொடக்க இசையோடு ஆரம்பமாயிற்று. சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட இசை, 35 ஆண்டுகளுக்குப்பின் ஒரு நாடு உலகை வரவேற்கும் இசையாக உயர்ந்தது.

முதல், கரு, இசை

இடத்திற்கொரு இசை என்னும் இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களைப் பட்டியலிடும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துச் சொல்கிறது. நிலம் வேறுபட்டால் அதன் இசைக்கருவியும் பண்ணும் வேறுபடும் என்பது இதன் கருத்து. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்கால நூல்கள் இதனை விரித்துரைக்கும். ஒரு நிலத்தை அடையாளம் காட்ட அதன் மரமும் பறவையும் போதா. அங்கு எழும் ஒலியும் வேண்டும் என்று பழந்தமிழர் எண்ணியிருக்கின்றனர்.

இக்கருத்தைக் காப்பியத்தில் நடத்திக் காட்டியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தில் புகார்க் கடற்கரையில் கானல்வரி ஒலிக்கிறது. மதுரை செல்லும் வழியில் பாலைநில எயினரிடையே வேட்டுவவரி எழுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் மகளிர் குரவை ஆடுகின்றனர். மலைநாட்டில் குன்றக்குரவை நிகழ்கிறது. கதைமாந்தர் நடக்கும் நிலம் மாறுந்தோறும் காப்பியத்தின் இசையும் மாறுகிறது. அன்றியும், அவ்விசை நிலத்தை மட்டும் சுட்டி அமையவில்லை. கானல்வரி கோவலன் மாதவி பிரிவுக்குக் காரணமாகிறது. ஆய்ச்சியர் குரவை வரப்போகும் கேட்டின் அறிகுறியைத் தணிக்க ஆடப்படுகிறது. இசை கதையைத் தாங்குவதோடு நில்லாமல், கதையை நகர்த்தவும் செய்கிறது.

இக்காலப் புனைவு விளையாட்டின் இசையமைப்பாளர் மேற்கொள்ளும் பணியும் இதுவே. பனிமலைக்கு ஓர் இசை, பாலைவனத்திற்கு ஓர் இசை, கடலோர ஊருக்கு ஓர் இசை என அவர் அமைக்கிறார். திணைக்கோட்பாட்டைப் பயின்ற மாணவர், விளையாட்டின் திரையைப் பாராமல் இசையை மட்டும் கேட்டு, அது எந்நிலத்துக்குரியது என்று கூற முற்படலாம். அவ்வாறு முற்படும்பொழுதே அவர் ஆடுபவர் என்னும் நிலையிலிருந்து நுகர்பவர் என்னும் நிலைக்கு உயர்கிறார்.

மாந்தருக்கொரு மெட்டு

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரச் சிற்றூர்களில் பாரதக் கதை படிக்கப்படும் விழா நாள்களில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெறும். கூத்தில் ஒரு வேடம் அவைக்கு வருவதற்குமுன் இருவர் திரைபிடிப்பர். திரைக்குப்பின் நின்றே அவ்வேடத்தார் தம் வருகையைப் பாடுவார். மத்தளமும் முகவீணையும் தாளமும் அவருடைய இயல்புக்கேற்ப முழங்கும். முகம் தெரிவதற்கு முன்பே, வருபவர் துரியோதனனா, திரௌபதியா, கட்டியக்காரனா என்பதை அவை அறிந்துகொள்ளும்.

ஜப்பானிய இசையமைப்பாளர் நோபுவோ உவெமாட்சு இதற்கு ஒப்பான முறையைக் கையாண்டவர். இசையைத் தாமே முயன்று கற்ற அவர், 1987இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபேண்டசி' வரிசை விளையாட்டுகளால் உலகப் புகழ்பெற்றார். 1994ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வரிசையின் ஆறாம் விளையாட்டில் முதன்மை மாந்தர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாள மெட்டு உண்டு. கதையினிடையே ஓர் இசைநாடகக் காட்சி வருகிறது. அதில் செலஸ் என்னும் பெண் பாடும் பாட்டு, அவளுக்குரிய அடையாள மெட்டிலிருந்தே விரிகிறது. மனிதக் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கச் செய்ய அந்நாளைய கருவியில் இடமில்லை. ஆகவே, குரல்போன்ற ஒரு செயற்கை ஒலியே சொற்களுக்கு மாற்றாக ஒலித்தது. அக்குறையையும் மீறி ஆடுவோர் உள்ளத்தில் அக்காட்சி நிலைத்தது. கதையின் நிறைவில் மாந்தர் அனைவருடைய மெட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் வந்து இணைகின்றன. நெடும்பயணம் முழுவதும் உடன்வந்தோரிடம் விடைபெறும் உணர்வை அவ்விணைப்பு தருகிறது.

1997இல் வந்த ஏழாம் விளையாட்டில் உவெமாட்சு வேறொரு துணிவை மேற்கொண்டார். ஏரித் என்னும் அன்புள்ள பெண் கொல்லப்படும் காட்சியில் அவளுக்குரிய மெல்லிய மெட்டு எழுகிறது. உடனே போர் தொடங்குகிறது. வழக்கமாகப் போர் என்றால் விரைந்த தாளமும் உரத்த முழக்கமும் ஒலிக்கும். இங்கோ அவை எழவில்லை. அவளுடைய மெட்டே போர் முழுவதும் தொடர்கிறது. கை போரிட்டுக்கொண்டிருக்க, செவி இரங்கல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்த இசையை ஒலிக்கவிடுவது என்பதைப் போலவே, எந்த இசையை ஒலிக்காமல் விடுவது என்பதும் இசையமைப்பாளரின் கலைத்திறனே என்பதற்கு இது சான்று.

காத்திருக்கும் இசை

திரைப்பட இசையமைப்பாளருக்குக் காட்சியின் நீளம் தெரியும். விளையாட்டின் இசையமைப்பாளருக்கு அது தெரியாது. ஒருவர் ஓர் ஊரில் ஒரு நிமிடமே நிற்பார். மற்றொருவர் ஒரு மணிநேரம் சுற்றித் திரிவார். பகைவன் எப்பொழுது எதிர்ப்படுவான் என்பதும் ஆடுபவரின் நடையைப் பொறுத்தது. எனவே, இசை முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்திற்குத் தடையின்றித் திரும்பவேண்டும். எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டாலும் குறையுடையதாகத் தோன்றக்கூடாது. நூறாவது முறை கேட்டாலும் சலிக்கக்கூடாது. அமைதியான இசையின்மீது முழவொலியைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் நிகழ்ச்சிக்கேற்ப மாற்றும் முறைகளும் வகுக்கப்பட்டுள்ளன.

ஆடுபவரைப் பார்த்துக் காத்திருக்கும் இசை தமிழகத்திலும் உண்டு. கூத்தில் மத்தளம் இசைப்பவரின் கண் அடவு வைப்பவரின் காலில் இருக்கும். கோயில் புறப்பாட்டில் மல்லாரி இசைக்கும் நாகசுரக்காரர், சுவாமி நிற்கும்போது விரித்தும் நடக்கும்போது இணைந்தும் வாசிப்பார். ஏற்றம் இறைப்போர் பாட்டு, வயலுக்கு நீர் பாயும்வரை நீளும். இவர்கள் செவியாலும் கண்ணாலும் அந்தந்த நொடியில் செய்வதை, விளையாட்டின் இசையமைப்பாளர் முன்கூட்டியே எண்ணிப் பகுதி பகுதியாக அமைத்துவைக்கிறார். கருவி மாறியிருக்கிறது; இசைக்கும் நிகழ்வுக்கும் இடையிலான உறவு பழையதே.

மறுப்பும் விடையும்

இவ்விசையைப் போற்றுவோர்மீது சில மறுப்புகள் எழுவது இயல்பு. விளையாட்டே காலத்தை வீணாக்குவது. அதன் இசையைப் பாராட்டுவது அவ்வீணுக்கு மேலும் ஒரு காரணம் கற்பிப்பதாகாதா என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. ஒரு சிறு வெற்றிக்கும் மணியொலி எழுப்பி, மேலும் மேலும் பணம் கட்டத் தூண்டும் விளையாட்டுகள் இருக்கின்றன. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இயற்றப்படும் அளவிற்கு அதன் கேடு வளர்ந்தது. ஆயினும், ஒலியால் ஈர்க்கப்படுவதிலிருந்து காத்துக்கொள்ளும் வழி செவியை மூடுவதன்று; செவியைப் பழக்குவதே. ஓர் ஒலி தம்மை ஒரு கதைக்குள் அழைக்கிறதா, தம் பணப்பைக்குள் கைவிடுகிறதா என்று பகுத்தறியும் மாணவர் எளிதில் ஏமாறமாட்டார். அன்றியும், இசையை நுகர்வதற்கு விளையாட்டை நாள்முழுதும் ஆடவேண்டியதில்லை. இசையைத் தனியே கேட்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கதைக்குத் துணையாக வரும் இசை தனித்து நிற்காது என்பது இரண்டாம் மறுப்பு. உலக அனுபவம் இதற்கு மாறாக உள்ளது. 2005ஆம் ஆண்டு விளையாட்டொன்றுக்காகக் கிறிஸ்டோபர் டின் அமைத்த 'பாபா யெத்து' என்னும் சுவாகிலி மொழிப்பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டிசைக்கெனத் தனிப்பிரிவு 2023இல் அவ்விருதில் ஏற்படுத்தப்பட்டது. நார்டிக் தொன்மத்தைத் தழுவிய விளையாட்டுக்கு இசையமைத்த ஸ்டெஃபனி எகானமு முதல் விருதைப் பெற்றார். 2025இல் 'விசார்ட்ரி' என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் புதுவடிவத்திற்கு இசையமைத்த வினிஃபிரெட் பிலிப்ஸ் அவ்விருதைப் பெற்றார். விருது மட்டுமே கலைக்கு அளவுகோல் ஆகாது எனினும், திரையின்றியும் இவ்விசை கேட்கப்படுகிறது என்பதை இவை காட்டுகின்றன.

இவையெல்லாம் அயலார் இசை; தமிழ் மாணவர்க்கு இதனால் என்ன பயன் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தம் நிலத்து ஒலி

போலந்து நாட்டில் உருவாகி 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' அந்நாட்டு எழுத்தாளரின் கதைகளைத் தழுவியது. அதன் இசையமைப்பில் பெர்சிவல் என்னும் போலந்து நாட்டார் இசைக்குழு பங்கேற்றது. பழைய சிலாவியக் கருவிகளும் நாட்டார் குரல்களும் அவ்விளையாட்டின் வழியாக உலகெங்கும் சென்றன. உலகை எட்டுவதற்காகப் போலந்து இசைஞர் தம் ஊர் ஒலியைக் கைவிடவில்லை. அவ்வொலியே அவ்விசைக்குத் தனிமுகத்தைத் தந்தது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டுக்கு இசையமைத்த ஜெரமி சோல், அக்கற்பனை நாட்டுக்கென்றே புனையப்பட்ட மொழியில் 30 ஆடவரைப் பாடச்செய்து, அதனை மும்முறை அடுக்கி 90 பேர் பாடுவதுபோல் ஒலிக்கச் செய்தார். இல்லாத மொழிக்கே இத்துணை உழைப்பு என்றால், ஈராயிரம் ஆண்டுப் பாட்டுமரபுடைய மொழிக்கு எவ்வளவு உழைப்புத் தகும்!

தமிழரும் இந்தியரும் இத்துறையில் அடியெடுத்து வைத்திருக்கின்றனர். கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர் தலைமையில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல்வழியே சொல்லும் விளையாட்டு. அதன் பாடல்கள் வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்தவை. 2024இல் பிரித்தானியத் திரைக் கழகத்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் விளையாட்டு என்னும் விருது அதற்குக் கிடைத்தது. புனே நகரில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' இந்தியத் தொன்மங்களை மையமாகக் கொண்டது. இந்திய இசைக்கருவிகள் ஒலிக்கும் அதன் இசையை அமைத்தவர் கிரேக்க நாட்டு இசையமைப்பாளர் லினோஸ் செலோஸ். கலைக்கு நாட்டெல்லை இல்லை என்பதால் இது மகிழத்தக்கதே. அதே வேளையில், இந்திய மண்ணின் ஒலியை அம்மண்ணிலேயே வளர்ந்த இளையோரும் இத்துறைக்குள் கொண்டுசெல்லவேண்டும் என்னும் எண்ணத்தையும் இது தூண்டுகிறது.

அதற்குரிய செல்வம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குறைவின்றி உள்ளது. ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்த வீரர்களின் நடுகற்கள் அப்பகுதியெங்கும் நிற்கின்றன. ஆநிரை கவர்தல், மீட்டல், வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல் என்னும் வெட்சி, கரந்தைத் துறைகள், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் கதையமைப்புக்கு முற்றும் பொருந்துவன. வெட்சித்திணைக்குத் துடி முழக்கும் உண்டு. மல்லசந்திரத்தின் பெருங்கற்காலக் கல்திட்டைகள், தென்பெண்ணையாற்றின் போக்கு, எருதுவிடும் விழாவின் ஆரவாரம், பம்பையும் பறையும் முழங்கும் மாரியம்மன் திருவிழா, மூன்று மொழிகளில் எழும் தாலாட்டு ஆகிய அனைத்தும் இசையமைப்பாளர் ஒருவரின் செவிக்காகக் காத்திருக்கின்றன. கணினி விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள் பக்கத்திலுள்ள பெங்களூருவிலேயே இயங்குகின்றன. ஆலையில் இயந்திரம் இயக்கவும் அலுவலகத்தில் நிரல் எழுதவும் எல்லை தாண்டிச் செல்லும் இளைஞர்கள், தம் ஊரின் முழவொலியையும் உடன் கொண்டுசெல்லலாம்.

ஆனால், அவ்வொலி என்றும் அங்கேயே நிற்கும் என்று எண்ணுதல் கூடாது. முகவீணை இசைக்கக் கற்கும் இளையோர் அருகிவருகின்றனர். கற்பிப்பவரோடு சேர்ந்து ஒரு மெட்டும் மறையக்கூடும். பதிவுசெய்யும் வசதியோ இன்று ஒவ்வொரு கையிலும் உள்ளது. விளையாடும் கைப்பேசியே பதிவுக்கருவியும் ஆகும். ஊர்க்கூத்தின் வருகைப் பாட்டைக் கலைஞரின் இசைவோடு பதிவுசெய்து, அது எவ்வேடத்துக்கு உரியது, என்ன தாளத்தில் அமைந்தது என்று குறித்துவைக்கும் மாணவர், பின்னாளில் இசையமைப்பாளராகாவிட்டாலும் ஒரு கருவூலத்தைக் காத்தவராவார்.

கேட்கும் முறை

இசையறிவு முறையாகப் பெறாதவரும் விளையாட்டிசையை நுகரலாம். இந்த இசை எந்த நிலத்தைக் காட்டுகிறது. எந்த மாந்தரை நினைவூட்டுகிறது. எந்தச் செயலைத் தூண்டுகிறது. எந்த இடத்தில் அமைதி காக்கிறது என்னும் நான்கு வினாக்களை மனத்தில் கொண்டு கேட்டால் போதும். பின்னர் அதே வினாக்களைக் கூத்தின் இசைக்கும் நாகசுரத்துக்கும் திரையிசைக்கும் எழுப்பிப் பார்க்கலாம். ஒரு கலையில் பழகிய செவி மற்றொரு கலையிலும் துணைநிற்கும்.

தொழில்நகரத்து இளையோர்க்குக் கைத்திறன் போதும், கலையுணர்வு வேறெவர்க்கோ உரியது என்னும் எண்ணம் சமூகத்தில் இன்றும் நிலவுகிறது. அவ்வெண்ணம் தவறென்பதை அவர்களின் செவிகளே மெய்ப்பிக்கும். டோக்கியோவின் இசையமைப்பாளர் குகையிருளுக்கு அமைத்த மெட்டையும், தம் ஊர்க்கூத்தில் திரைக்குப்பின் எழும் முகவீணையையும் ஒருசேரக் கேட்டு, இரண்டின் நயத்தையும் தம் சொற்களால் எடுத்துரைக்கத் தெரிந்த மாணவர், கலையுலகின் வாயிலில் அனுமதி கேட்டு நிற்கவேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.